ஒரு ஃபோட்டான் ஒரே ஒரு எலக்ட்ரானைத்தான் தொடுகிறதா?

அக்டோபர் 14, காலை (கேள்வி)

டீச்சர், பி.எஸ்சி. மூன்றாம் வருஷம் படிக்கிறேன், ஊர் பண்ணைக்காடு. அணுவில் எலக்ட்ரான்கள் 1எஸ், 2எஸ், 2பி என்று தத்தம் இடத்தில் இருக்கின்றன. ஃபோட்டான் (ஒளித்துகள்) வந்தால் ஒன்று மேல் மட்டத்துக்கு ஏறும், அல்லது அணுவை விட்டே போகும். மற்றவை இருந்த இடத்தில் இருக்கும். எலக்ட்ரான்களுக்கு இடையில் விலக்கு விசை உண்டு என்பது தெரியும். ஆனால் அது சின்னத் திருத்தம்தானே? பாடமும் ‘திரையிடல்’ (ஒரு எலக்ட்ரான் கருவின் இழுப்பை மற்றதிடமிருந்து ஓரளவு மறைப்பது) என்று ஒரே வரியில் அதை முடித்துவிடுகிறது. அதற்குமேல் இதில் ஆராய என்ன இருக்கிறது?

அக்டோபர் 14, மதியம்

‘சின்னத் திருத்தம்’ என்கிறாயே, அங்கிருந்தே தொடங்குவோம். ஹீலியத்தை எடு. இரண்டே எலக்ட்ரான். அவை ஒன்றையொன்று விலக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொன்றையும் பிடுங்க 54.4 எலக்ட்ரான்வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) ஆகும்; இரண்டுக்கும் 108.8. அளந்து பார்த்தால் முதல் எலக்ட்ரான் 24.6-க்கே வந்துவிடுகிறது, இரண்டுக்கும் சேர்த்து 79.0தான் ஆகிறது. குறைகிற ஏறக்குறைய 30 எலக்ட்ரான்வோல்ட்தான் அந்த விலக்கு. முதல் எலக்ட்ரானைப் பிடுங்கும் செலவைவிட அது பெரிய தொகை. அதைத் திருத்தம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அக்டோபர் 14, இரவு

வகுப்புக்கு ஓட வேண்டியிருந்ததால் மதியம் பாதியில் நிறுத்தினேன். ஹீலியம் எண்களைவிட வலுவான சாட்சி ஒன்று இருக்கிறது, அது தினமும் நம் தலைக்கு மேல் வருகிறது. புரட்டாசி மழையில் இந்த வாரம் கொடைக்கானலில் யாரும் அதைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

சூரியனின் ஒளிமண்டலத்தில், அதாவது நம் கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பு அடுக்கில், பெரும்பகுதி ஹைட்ரஜன். அங்குள்ள வெப்பநிலையில் சாதாரண ஹைட்ரஜன் அணு கண்ணுக்குத் தெரியும் ஒளியைச் சில கோடுகளில் மட்டுமே விழுங்கும். அப்படியானால் சூரியனுக்குள் வெகு ஆழம் வரை பார்க்க முடிய வேண்டும். முடியவில்லை. ஏதோ ஒன்று எல்லா நிறத்தையும் தொடர்ச்சியாக விழுங்கி, தொடர்ச்சியாகவே உமிழ்கிறது. அது எது என்று 1939-ல் ரூபர்ட் வில்ட் சொன்னார்: ஹைட்ரஜனின் எதிர் அயனி. ஒரு புரோட்டான், இரண்டு எலக்ட்ரான். ஒளிமண்டலத்தில் ஒரு கோடி ஹைட்ரஜன் அணுவுக்கு இந்த அயனி ஒன்றுகூடத் தேறாது. ஆனாலும் கண்ணுக்குத் தெரியும் சூரிய ஒளியில் பெரும்பகுதி இதன் கைவழியாகத்தான் வருகிறது.

இந்த அயனியில் இரண்டாவது எலக்ட்ரானைப் பிடித்து வைத்திருப்பது 0.75 எலக்ட்ரான்வோல்ட். அவ்வளவு மெல்லிய பிடி. அந்தப் பிடி எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனால் உன் கேள்விக்கே வந்து சேர்வாய். நாளை எழுதுகிறேன். கரன்ட் போய்ப் போய் வருகிறது.

அக்டோபர் 15

நான் எழுதுவதற்குள் வத்தலக்குண்டு வாசகர் ஒருவர் மறுப்பு போட்டிருக்கிறார்: “அணுக்கரு மின்னூட்டத்தை 2-க்குப் பதிலாக 2 கழித்தல் 5/16 என்று வைத்துக் கணக்கிட்டால் ஹீலியத்துக்கு 77.5 வருகிறது. இரண்டு சதவீதப் பிழைதான். திரையிடல் போதும்.”

கணக்கு சரி, சார். அதே கணக்கை ஹைட்ரஜனின் எதிர் அயனிக்குப் போட்டுப் பாருங்கள். 1 கழித்தல் 5/16 என்றால் 11/16. மொத்தப் பிணைப்பு 12.9 எலக்ட்ரான்வோல்ட் வரும். ஒற்றை எலக்ட்ரானோடு சும்மா இருக்கும் ஹைட்ரஜன் அணுவுக்கே 13.6. அதாவது அந்த அயனி இருக்கவே கூடாது, இரண்டாவது எலக்ட்ரான் வந்த வழியே போய்விட வேண்டும். ஒவ்வொரு எலக்ட்ரானும் மற்றதன் சராசரி மேகத்தை மட்டுமே உணர்கிறது, இரண்டும் ஒரே உருவ மேகத்தில் இருக்கின்றன என்ற அடிப்படையில் எவ்வளவு நுணுக்கமாகக் கணக்கிட்டாலும் விடை இதுதான். இந்த அடிப்படையில் மிக நுணுக்கமாகக் கணக்கிடும் ஹார்ட்ரீ-ஃபாக் முறையும் இங்கே தோற்கிறது.

1944-ல் சந்திரசேகர் இதில் கை வைத்தார். நட்சத்திரங்களின் நிறை வரம்புக்காக நாம் கொண்டாடும் அதே சந்திரசேகர். இரண்டு எலக்ட்ரானுக்கும் ஒரே அளவு மேகம் கொடுக்க வேண்டாம் என்றார். ஒன்று கருவோடு ஒட்டி இருக்கட்டும், மற்றது வெகு தூரத்தில் பரவட்டும். எது எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இரண்டு வாய்ப்பையும் கலந்து எழுதினார். ஒன்றின் சுருக்க எண் (மேகம் கருவை ஒட்டி எவ்வளவு ஒடுங்கியிருக்கிறது என்பதைச் சொல்வது) 1.04, மற்றதற்கு 0.28. பிணைப்பு 13.97 எலக்ட்ரான்வோல்டுக்கு ஏறியது. அயனி பிழைத்துக்கொண்டது. உண்மை மதிப்பு 14.36. மீதியை ஈடுகட்ட, இரண்டு எலக்ட்ரான்களுக்கு இடையிலான தூரத்தையே அலைச்சார்புக்குள் (எலக்ட்ரான் மேகத்தை விவரிக்கும் கணிதக் கோவைக்குள்) கொண்டுவர வேண்டும். ஹீலியத்துக்கு அதை 1929-லேயே ஹில்லராஸ் செய்திருந்தார்.

ஒன்று உள்ளே வந்தால் மற்றது விலகி நிற்கிறது. அந்த ஒத்திசைவுதான் அயனியைக் காப்பாற்றுகிறது. அது இல்லாவிட்டால் நம் சூரியன் இந்தச் சூரியனாக இருக்காது.

அக்டோபர் 17

இனி கிளர்ச்சிக்கு வருவோம். தம்பி கேட்ட மாதிரி ஒரு ஃபோட்டான் ஒரு எலக்ட்ரானைத்தான் தூக்கும் என்றால், ஹீலியத்தில் 24.6-க்கு மேல் எந்தக் கோடும் இருக்கக் கூடாது. அதற்கு மேலே எலக்ட்ரான் வெளியேறுவது மட்டும்தான். உறிஞ்சும் அளவு வழவழவென்று இறங்கிக்கொண்டே போக வேண்டும்.

1963-ல் அமெரிக்காவில் மேடன், காட்லிங் இருவரும் சிங்க்ரோட்ரான் ஒளியை (வட்டப் பாதையில் மிக வேகமாகச் சுற்றும் எலக்ட்ரான்கள் உமிழும் ஒளி) ஹீலியம் வழியே அனுப்பிப் பார்த்தார்கள். 60 எலக்ட்ரான்வோல்டை ஒட்டி, அலைநீளத்தில் சொன்னால் ஏறத்தாழ 206 ஆங்ஸ்ட்ராமில், அழுத்தமான ஒரு கோடு. அதற்கு மேலே ஒரு வரிசையே இருந்தது. ஒரே ஃபோட்டான் இரண்டு எலக்ட்ரானையும் சேர்த்துத் தூக்கியிருந்தது. ஒன்று 2எஸ், மற்றது 2பி. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று உணராவிட்டால் இப்படி நடக்க வழியே இல்லை.

அதைவிட எனக்குப் பிடித்தது அடுத்த சங்கதி. தனித்தனி எலக்ட்ரான் கணக்குப்படி இரண்டு வரிசைகள் ஏறத்தாழ ஒரே பலத்தில் தெரிய வேண்டும்: ‘2எஸ்-ல் ஒன்று, மேலே பி-யில் ஒன்று’ என்பது முதலாவது, ‘2பி-யில் ஒன்று, மேலே எஸ்-ல் ஒன்று’ என்பது இரண்டாவது. ஒரு வரிசைதான் பளிச்சென்று தெரிந்தது. கூப்பர், ஃபானோ, பிராட்ஸ் மூவரும் அதே வருஷம் விளக்கினார்கள். இயற்கை இந்த இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளவில்லை. இரண்டையும் கூட்டினால் ஒரு வரிசை, கழித்தால் இன்னொன்று. கூட்டலில் இரண்டு எலக்ட்ரானும் சேர்ந்தாற்போலக் கருவை நெருங்கும், சேர்ந்தாற்போல விலகும். கழித்தலில் ஒன்று நெருங்கும்போது மற்றது விலகும். ஒளியோடு நன்றாகப் பேசுவது கூட்டல் வரிசை. மற்றது மிக மங்கல்.

‘2எஸ்-ல் இருக்கும் எலக்ட்ரான்’ என்று சுட்டிக்காட்ட அங்கே ஆளே இல்லை, தம்பி. இரண்டும் சேர்ந்து ஒரு ஆட்டம் ஆடுகின்றன. அந்த ஆட்டத்துக்குத்தான் ஆற்றல் மட்டம்.

அக்டோபர் 17, பின்னிரவு

அந்தக் கோட்டின் வடிவத்தைச் சொல்லாமல் தூங்க முடியவில்லை. சாதாரண நிறமாலைக் கோடு இரண்டு பக்கமும் சமமாகச் சரியும். இந்தக் கோடு ஒரு பக்கம் உயர்ந்து, மறுபக்கம் சட்டென்று பள்ளமாகிறது. பள்ளத்தில் ஹீலியம் கிட்டத்தட்ட ஒளியை உறிஞ்சுவதே இல்லை. வாயு கண்ணாடியாகிவிடுகிறது.

காரணம், 60.15 எலக்ட்ரான்வோல்ட் என்பது அயனியாக்க எல்லையைத் தாண்டிய இடம். எலக்ட்ரான் நேராக வெளியே போகலாம். அல்லது இரண்டும் சேர்ந்து மேலே ஏறி, சிறிது நேரம் தங்கி, பிறகு ஒன்று தன் ஆற்றலை மற்றதிடம் கொடுத்துவிட்டுக் கீழே விழ, வாங்கிக்கொண்டது வெளியே போகலாம். இரண்டு வழியிலும் முடிவு ஒன்றே: ஒரு ஹீலியம் அயனி, 35.6 எலக்ட்ரான்வோல்டோடு ஓடும் ஒரு எலக்ட்ரான். எந்த வழியில் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே இரண்டு வழிகளின் அலைவீச்சும் கூடும். ஒரு பக்கம் ஒன்றுக்கொன்று வலுச்சேர்க்கும், மறுபக்கம் ஒன்றையொன்று அழிக்கும். ரோமில் ஃபெர்மியின் குழுவில் இளைஞராக இருந்த ஊகோ ஃபானோ 1935-ல் இதைக் கண்டு எழுதினார். 1961-ல் விரித்து எழுதினார். மந்த வாயுக்களில் பாய்ட்லர் எடுத்த நிறமாலைகள்தான் அவரைத் தூண்டின.

தங்கும் நேரம் சுமார் 17 ஃபெம்டோநொடி (ஒரு ஃபெம்டோநொடி என்பது நொடியை ஆயிரம் லட்சம் கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு). 2016-ல் இரண்டு குழுக்கள் அந்தக் கோணலான வடிவம் உருவாவதையே நேரத்தில் பின்தொடர்ந்து பதிவு செய்தன. முதலில் மொட்டையான ஒரு மேடு, பிறகு மெல்ல மெல்லக் கோணல். அந்தப் படத்தை வகுப்பில் காட்டும் ஒவ்வொரு வருஷமும் ஒரு நிமிஷம் பேசாமல் நின்றுவிடுகிறேன்.

அக்டோபர் 18

“அவ்வளவு ஆற்றலோடு ஏறிய அணு ஒளியை உமிழ்ந்துவிட்டு இறங்கலாமே?” என்று கேள்வி. இறங்கலாம்தான். ஆனால் ஹீலியத்தின் அந்த நிலையில், ஒளியாக வெளியேறுவதைவிட எலக்ட்ரானாக வெளியேறுவது மிக மிக வேகம். எடை கூடிய அணுக்களில் உள்கூட்டில் ஒரு எலக்ட்ரான் போனாலும் இதே போட்டிதான். லீஸ் மைட்னர் 1922-லும், பியேர் ஓஜே அதற்கடுத்து தனியாகவும் கண்டது அது. பெயர் ஓஜேக்குப் போய்விட்டது. மைட்னர் பெயரையும் சேர்த்துச் சொல்ல என் மாணவர்களைப் பழக்கியிருக்கிறேன்.

அக்டோபர் 21

நாயுடுபுரத்து வாசகி ஒருவர், “நம்ம அப்சர்வேட்டரி சூரியப் புகைப்படத் தட்டுகளில் இருக்கும் கால்சியம் கே கோடு இப்படி இரண்டு எலக்ட்ரான் சேர்ந்து ஏறியதா?” என்கிறார். இல்லைம்மா. கே கோடு, 3933.7 ஆங்ஸ்ட்ராம், ஏற்கெனவே ஒரு எலக்ட்ரானை இழந்த கால்சியம் அயனியினுடையது. அதன் வெளிக்கூட்டில் ஒற்றை எலக்ட்ரான்தான் மிச்சம், ஏறுவது அதுதான். எவ்வளவு கால்சியம் அப்படி அயனியாகியிருக்கும் என்பதை 1920-ல் சாஹாவின் சமன்பாடு சொல்லிவிட்டது. நூறு வருஷத்துக்கும் மேலாக இந்த மலையில் எடுத்து வைத்திருக்கும் கே கோட்டுப் படங்கள் அந்த ஒற்றை எலக்ட்ரானின் கைங்கர்யம்.

ஆனால் கேள்வி நல்ல இடத்தைத் தொட்டிருக்கிறது. அயனியாகாத கால்சியத்தில் வெளியே இரண்டு எலக்ட்ரான். அதன் நிறமாலையில் எந்த வரிசையிலும் பொருந்தாத கோடுகள் வெகு நாளாக உறுத்திக்கொண்டிருந்தன. 1925-ல் ரஸ்ஸல், சாண்டர்ஸ் இருவரும் இரண்டு எலக்ட்ரானும் ஒரே சமயத்தில் கிளர்ந்திருக்கின்றன என்று காட்டினார்கள். சில மட்டங்கள் 6.11 எலக்ட்ரான்வோல்ட் என்ற அயனியாக்க எல்லைக்கும் மேலே இருந்தன. பாடத்தில் ரஸ்ஸல்-சாண்டர்ஸ் பிணைப்பு என்று வருகிறதே, அது பிறந்த இடம் இது. ஹீலியத்துக்கு சிங்க்ரோட்ரான் தேவைப்பட்டது. கால்சியத்துக்கு சாதாரண மின்வில்லே போதுமாயிருந்தது.

அக்டோபர் 22

சிறு குறிப்பு. வீட்டில் டெஸ்டர் இருந்தால் அதற்குள் இருக்கும் சிவப்பு விளக்கைப் பாருங்கள். நியான் வாயு, கூடவே துளி ஆர்கான். நியானில் நெடுநேரம் தங்கும் ஒரு கிளர்ச்சி நிலை 16.6 எலக்ட்ரான்வோல்டில் இருக்கிறது. ஆர்கானை அயனியாக்க 15.8 போதும். கிளர்ந்த நியான் ஆர்கான்மேல் மோதியதும் ஆர்கானின் எலக்ட்ரான் ஓடுகிறது, நியான் அடங்குகிறது. அதனால்தான் குறைந்த மின்னழுத்தத்திலேயே விளக்கு பற்றிக்கொள்கிறது. பென்னிங் விளைவு என்று பெயர். இரண்டு அணுக்களுக்கு இடையில் நடந்தாலும் அடியில் இருப்பது எலக்ட்ரானுக்கு எலக்ட்ரான் கொடுக்கும் அதே ஆற்றல்தான்.

அக்டோபர் 26

இதுவரை எல்லாம் ஃபோட்டான். எலக்ட்ரானே வந்து மோதி அயனியாக்கினால்? ஹைட்ரஜன் அணுவை 13.6-க்கு ஒரு துளி மேலான ஆற்றலோடு ஒரு எலக்ட்ரான் தாக்குகிறது. இரண்டு எலக்ட்ரானும் தப்பிக்க வேண்டும். மிச்ச ஆற்றல் மிகக் கொஞ்சம். இரண்டும் ஊர்ந்து போகின்றன, பின்னால் புரோட்டான் இழுக்கிறது.

1953-ல் வானியர் இதை யோசித்த விதம் அழகு. தைப்பூசத்துக்குப் பழனிக்குக் காவடி தூக்கிப் போகிறவரைப் பாருங்கள். தண்டின் இரு முனையிலும் எடை சமமாக இருக்கும்வரை நடை ஓடும். ஒரு பக்கம் கொஞ்சம் தாழ்ந்தால் தாழ்ச்சி கூடிக்கொண்டே போகும். இரண்டு எலக்ட்ரானும் கருவுக்கு எதிரெதிர்ப் பக்கத்தில், சம தூரத்தில் போனால்தான் இரண்டும் தப்பும். ஒன்று சற்றுப் பின்தங்கினால் கரு அதை இன்னும் இழுக்கும், முன்னால் போனது ஆற்றலை அள்ளிக்கொண்டு ஓடும், பின்தங்கியது திரும்ப விழும். அயனியாக்கமாகத் தொடங்கியது கிளர்ச்சியாக முடிந்துவிடும்.

இந்தச் சமநிலை தவறுவது சுலபம் என்பதால் அயனியாக்க வாய்ப்பு, மிச்ச ஆற்றலுக்கு நேர் விகிதத்தில் ஏறாமல், அதன் 1.127 அடுக்கில் ஏறும் என்றார் வானியர். 1974-ல் ஸ்வெயானோவிச், ரீட் இருவரும் மான்செஸ்டரில் ஹீலியத்தை வைத்துச் சோதித்தபோது அந்த அடுக்கு கிடைத்தது. அந்த 0.127 முழுக்க எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதால் வருவது.

உன் கேள்வியில் கிளர்ச்சியும் அயனியாக்கமும் இரண்டு தனிக் கதைகள் மாதிரி இருந்தன. அயனியாக்க எல்லையின் வாசலில் நின்று பார்த்தால் அவை பிரிவது மோதல் முடிந்து வெகு தூரம் போன பிறகு. இரண்டு எலக்ட்ரானும் ஆற்றலைப் பங்கு போட்டு முடிக்கும்வரை எது நடந்தது என்பது தீர்மானமாவதில்லை.

அக்டோபர் 27

“ஹைட்ரஜனும் ஒரு எலக்ட்ரானும், மூன்றே துகள். கணினியில் போட்டால் வராதா?” வந்தது, 1999-ல். ரெசிக்னோ, மெக்கர்டி முதலியோர் மிகுகணினியில் போட்டார்கள். குவாண்டம் இயக்கவியல் பிறந்து எழுபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. மூன்று மின்னூட்டங்கள் தனித்தனியே பிரிந்து ஓடும்போது எவ்வளவு தூரம் போனாலும் அவற்றுக்கிடையேயான விசை முற்றிலும் ஓய்வதில்லை. ‘இனி இவை சுதந்திரம்’ என்று கோடு கிழிக்க இடமில்லை. அந்தத் தொல்லையைச் சுற்றிப் போகக் கணித உபாயம் ஒன்று தேவைப்பட்டது.

நவம்பர் 2

ஊட்டி முத்தோரையிலிருந்து ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார்: “எங்கள் மலையில் இருப்பது ரேடியோ தொலைநோக்கி. அதற்கும் உங்கள் பேச்சுக்கும் சம்பந்தம் உண்டா?”

உண்டு அண்ணே, அதுவும் நெருங்கிய சம்பந்தம். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். தன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமையும்படி சரிவில் படுத்திருக்கும் தொலைநோக்கி அது. 1970-லிருந்து 327 மெகாஹெர்ட்ஸை ஒட்டிக் கேட்கிறது. அந்த அலைவரிசையில் விண்வெளிக் கார்பன் அணுவில் எலக்ட்ரான் 273-ஆம் மட்டத்திலிருந்து 272-க்கு இறங்கும் கோடு விழுகிறது. ஊட்டியில் அதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த மட்டத்தில் அணுவின் விட்டம் ஏறக்குறைய 8 மைக்ரோமீட்டர். நம் ரத்தச் சிவப்பணு அளவு.

அவ்வளவு தூரத்தில் சுற்றும் எலக்ட்ரான் உள்ளே இருப்பவற்றை மறந்துவிடும் என்று தோன்றும். ஆனால் அந்த உயர் மட்டங்களுக்கு எலக்ட்ரான் எப்படி வந்து சேர்கிறது என்று கேட்டால், 1980-ல் வாட்சன், வெஸ்டர்ன், கிறிஸ்டென்சன் மூவரும் சொன்ன வழி இது: சுதந்திரமாகத் திரியும் எலக்ட்ரான் கார்பன் அயனியை நெருங்கும்போது, அயனியின் தரைமட்டத்தில் இருக்கும் மிக நுண்ணிய பிளவில், வெறும் 0.008 எலக்ட்ரான்வோல்ட் இடைவெளியில், உள் எலக்ட்ரான்களை மேலே தள்ளிவிடுகிறது. தன்னிடமிருந்த ஆற்றலை இப்படிக் கொடுத்துவிட்டதால் தானும் சிக்கிக்கொள்கிறது. உள்ளே கிளர்ச்சி, வெளியே பிடிப்பு, இரண்டும் ஒரே நிகழ்ச்சி. ஹீலியத்தில் பார்த்ததன் தலைகீழ்.

நவம்பர் 3

மேலே எழுதியதைத் தொடர்கிறேன், சூரியனை விட்டுவிட்டேனே. இதே தலைகீழ் நிகழ்ச்சி மிகச் சூடான இடத்திலும் நடக்கிறது. சூரிய கிரகணத்தின்போது ஒளிவட்டத்தில் தெரியும் பச்சைக் கோடு, 5303 ஆங்ஸ்ட்ராம், 1869-ல் பார்த்தது. பதின்மூன்று எலக்ட்ரான் இழந்த இரும்பினுடையது என்று எட்லேன் 1940-களின் தொடக்கத்தில் காட்டினார். அவ்வளவு இழப்புக்கு எவ்வளவு வெப்பம் வேண்டும் என்று கணக்கிட்டால் ஒரு விடை; கோட்டின் அகலத்தை அளந்தால் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்தப் பிணக்கு நெடுநாள் நீடித்தது. 1964-ல் பர்ஜெஸ், இரட்டைக் கிளர்ச்சி வழியாக அயனிகள் எலக்ட்ரானைத் திரும்பப் பிடிப்பதைச் சேர்த்துக் கணக்கிட்டார். பிடிப்பு அதிகம் என்றால், அதே அளவு இரும்பை அயனியாகவே வைத்திருக்க வெப்பமும் அதிகம் வேண்டும். இரண்டு விடைகளும் நெருங்கின.

பல லட்சம் டிகிரிக் கணக்கு, இரண்டு எலக்ட்ரான்கள் சேர்ந்து செய்யும் ஒரு காரியத்தை விட்டதால் பாதியாகிப் போயிருந்தது. ‘சின்னத் திருத்தம்’ என்ற சொல்லுக்கு நான் இவ்வளவு கோபப்படுவது இதனால்தான்.

நவம்பர் 9

தம்பி திரும்ப வந்து கேட்டிருக்கிறான்: “சரி டீச்சர், இரட்டைக் கிளர்ச்சி தனி ரகம். சாதாரணமாக ஒரு எலக்ட்ரான் வெளியேறும்போதாவது மற்றவை சும்மா இருக்குமா?”

இருக்காது. 2010-ல் நியானில் ஒரு சோதனை நடந்தது. ஒரே ஒளித்துடிப்பு 2எஸ்-லிருந்தும் 2பி-யிலிருந்தும் எலக்ட்ரானைக் கிளப்பியது. இரண்டும் வெளிவந்ததில் 21 அட்டோநொடி (ஃபெம்டோநொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு அட்டோநொடி) வித்தியாசம் என்று அளந்தார்கள். கோட்பாட்டுக் கணக்குகள் எவ்வளவு முயன்றும் அதில் பாதியளவைச் சுற்றியே நின்றன. 2017-ல் இன்னும் கூர்மையான ஆற்றல் பிரிப்போடு அளந்த ஸ்வீடன் குழு காரணத்தைப் பிடித்தது. சில நியான் அணுக்களில் ஒரு 2பி எலக்ட்ரான் வெளியேறும்போதே இன்னொரு 2பி எலக்ட்ரான் 3பி-க்கு ஏறிவிடுகிறது. அப்படி வந்த எலக்ட்ரான்களின் ஆற்றல் 2எஸ்-லிருந்து வந்தவற்றோடு கிட்டத்தட்ட ஒன்றாக விழுந்து, பழைய அளவீட்டில் கலந்திருந்தது. அதைப் பிரித்ததும் கணக்கும் அளவும் ஒத்துப்போயின. 2023 நோபல் பரிசு அட்டோநொடித் துடிப்புகளுக்காக அகோஸ்தினி, கிராஸ், லூயிலியே மூவருக்கும் போனபோது நான் முதலில் நினைத்துக்கொண்டது இந்த நியானைத்தான். ‘சும்மா இருக்கும்’ என்று ஒதுக்கிய எலக்ட்ரான் ஏறியதுதான் அந்த ஏழு வருஷக் குழப்பம்.

இனி படித்தது போதும், கையால் செய். ஹீலியத்துக்கு 27/16 என்ற எண்ணோடு 77.5 வருவதை நீயே தருவி. பிறகு அந்த அலைச்சார்பை ‘1 கூட்டல் சி பெருக்கல் இரண்டு எலக்ட்ரான் இடைத்தூரம்’ என்பதால் பெருக்கி, சி-யையும் சுருக்க எண்ணையும் மாற்றி மாற்றி மிகக் குறைந்த ஆற்றலைத் தேடு. தொகையீடுகள் நீளம், ஆனால் எல்லாம் பேப்பரில் முடியும். கிடைக்கிற எண்ணை இங்கேயே போடு, சேர்ந்து பார்ப்போம். அதே தாளில் கரு மின்னூட்டத்தை 2-லிருந்து 1 ஆக்கி ஹைட்ரஜனின் எதிர் அயனிக்கும் போட்டு, 13.6-ஐத் தாண்டுகிறதா என்று பார்த்துச் சொல்.